டிம்பக்டு: எண்ணப்பட்ட சுவடிகளும் படிக்கப்பட்ட சுவடிகளும்

2013ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில், மாலி நாட்டின் வடக்கே சகாராப் பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் டிம்பக்டு நகரின் பழஞ்சுவடிகள் எல்லாம் தீக்கிரையாகிவிட்டன என்றொரு செய்தி உலகெங்கும் பரவியது. பத்து மாதங்களாக அந்நகரைப் பிடித்து வைத்திருந்த ஆயுதக் குழுவினர், பிரெஞ்சு, மாலிப் படைகள் நெருங்கியதும் பின்வாங்கினர். போகிற போக்கில் அகமது பாபா நிறுவனத்தின் புதிய கட்டடத்தில் சுவடிகளைக் குவித்துத் தீ வைத்தனர். செய்தி உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. எரிந்தும் களவுபோயும் தொலைந்தவை 4,203 எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. அதே கட்டடத்தின் நிலவறையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் எவர் கையும் படாமல் இருந்தன. அவற்றினும் பெருந்தொகையானவை, தீ வைத்தவர்கள் அறியாமலேயே, முந்தைய மாதங்களில் நகரைவிட்டு வெளியேறியிருந்தன.

அந்த மீட்பின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதனை நாமும் சுருக்கமாகச் சொல்லத்தான் போகிறோம். ஆனால் நம் அக்கறை அதற்கு அடுத்த கேள்வியில் இருக்கிறது. ஒரு சுவடியைக் காப்பது என்றால் என்ன? நெருப்பிலிருந்தும் கரையானிலிருந்தும் அதனை எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டால் அது காக்கப்பட்டதாகுமா? இந்தக் கேள்விக்கு டிம்பக்டு சார்ந்த ஒரு நூலின் வரலாறே விடை தருகிறது. அந்நூலுக்கு வருமுன் நகரைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

உப்பும் பொன்னும் நூலும்

நைஜர் ஆற்றின் பெருவளைவுக்கு அருகே, துவாரெக் நாடோடிகள் தங்கும் இடமாக 12ஆம் நூற்றாண்டு வாக்கில் தோன்றியது டிம்பக்டு. வடக்கிலிருந்து ஒட்டகங்களில் உப்புப் பாளங்கள் வந்தன. தெற்கிலிருந்து படகுகளில் பொன்னும் தானியமும் வந்தன. இரண்டும் கைமாறிய சந்தையில் மூன்றாவதாக ஒரு சரக்கும் சேர்ந்துகொண்டது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரைக் கண்ட பயணியான லியோ ஆப்பிரிக்கானுஸ், வட ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கையெழுத்து நூல்கள் அங்கே விற்பனையாவதையும், மற்றெந்தச் சரக்கைக் காட்டிலும் அவற்றில் இலாபம் அதிகம் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்.

சொங்காய்ப் பேரரசின் காலத்தில் அந்நகரின் கல்வி உச்சத்தை எட்டியது. சங்கோரே பள்ளிவாசலைச் சூழ்ந்து வாழ்ந்த ஆசிரியர்களின் வீடுகளே கல்விக்கூடங்களாக இருந்தன. மாணவன் ஆசிரியர் முன் அமர்ந்து ஒரு நூலை முழுவதும் வாசித்துக் காட்டுவான். முடித்தபின் அந்நூலைப் பிறருக்குக் கற்பிக்கும் உரிமையை ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். இத்தகைய கல்விமுறையில் நூல் ஒரு பொருள் மட்டுமன்று. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வழிமுறையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

அக்காலத்து நூல் பெயர்ப்பு எத்தகைய தொழிலாக இருந்தது என்பதற்குச் சான்று உண்டு. அந்தலூசியாவைச் சேர்ந்த இப்னு ஸீதாவின் ‘அல்-முஹ்கம்’ என்ற பெரும் அரபு அகராதி, 1570களில் டிம்பக்டுவில் பல தொகுதிகளாகப் பெயர்த்தெழுதப்பட்டது. தொகுதிகளின் இறுதியில் உள்ள குறிப்புகளில், எழுதியவருக்கும், எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தியவருக்கும் தனித்தனியே பொன்னாகத் தரப்பட்ட கூலி பதிவாகியிருக்கிறது. பிழை பார்ப்பதற்கென்றே ஓர் ஆளும் அவருக்கென ஒரு சம்பளமும் இருந்த ஊர் அது.

1591இல் மொராக்கோவின் படை பாலைவனத்தைக் கடந்து வந்து சொங்காய் அரசை வீழ்த்தியது. இரண்டாண்டுகளுக்குப் பின் நகரின் அறிஞர்கள் பலர் சிறைபிடிக்கப்பட்டு மராக்கேஷ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அகமது பாபா. தம்முடைய 1,600 நூல்கள் பறிபோயின என்றும், தம் உறவினருள் தம்முடையதே மிகச் சிறிய நூலகம் என்றும் அவர் கூறியதாகப் பதிவு இருக்கிறது. 1608இல் ஊர் திரும்பினார். 1627இல் அங்கேயே மறைந்தார். அவர் எழுதியவற்றுள் 1615ஐச் சேர்ந்த ஒரு சட்டக் கருத்துரை இங்கே குறிப்பிடத்தக்கது. கறுப்பு நிறம் ஒருவனை அடிமையாக்கக் காரணமாகாது. இஸ்லாத்தைத் தாமாக ஏற்ற மக்களை எவரும் அடிமை கொள்ள இயலாது என்று வாதிட்டு, எந்தெந்த இனத்தார் அவ்வாறு ஏற்றவர்கள் என்று பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார் அவர். அடிமை முறையையே அவர் மறுத்தார் என்று நாம் இன்றைய விருப்பத்தை அவர்மீது ஏற்ற வேண்டியதில்லை, மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஏட்டில் ஓர் இனத்தின் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மனிதர்களின் விடுதலை அமைந்த காலம் அது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

ஓர் ஏட்டின் உடல்

டிம்பக்டுவின் சுவடிகளைப் படங்களில் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது அவற்றின் எழுத்தை. வட ஆப்பிரிக்காவின் மக்ரிபி எழுத்திலிருந்து கிளைத்த வடிவங்கள் அவை. சில ஏடுகளில் மொழி அரபு. சிலவற்றில் எழுத்து மட்டும் அரபு, மொழி சொங்காயோ ஃபுலானியோ தமஷெக்கோ. தமிழ் முஸ்லிம்கள் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

நம் கண்ணுக்கு எளிதில் படாத செய்திகளும் ஏட்டில் உண்டு. இச்சுவடிகளில் பெரும்பாலானவை தைத்துக் கட்டப்பட்டவை அல்ல. தனித்தனித் தாள்களாக அடுக்கி, தோலுறையில் பொதிந்து, வாரால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கட்டு அவிழ்ந்தால் தாள்கள் கலைந்துவிடும். அதற்காகவே ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதி வைத்தார்கள். பக்க எண்ணுக்குப் பதிலாக அந்தச் சொல்தான் வழி காட்டும்.

தாள் உள்ளூரில் செய்யப்பட்டதன்று. கடல் கடந்து, பாலைவனம் கடந்து வந்தது. வட இத்தாலியின் ஆலைகளில் செய்யப்பட்டு, மூன்று பிறைகள் நீர்க்குறியாக இடப்பட்ட தாள் மேற்கு ஆப்பிரிக்கா வரை விற்பனையாயிற்று. தாளை வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்தால்தான் நீர்க்குறி தெரியும். தேதியிடப்படாத சுவடியின் காலத்தை உய்த்துணர அது ஒரு வழி.

ஓரங்களில் இன்னொரு நூலகமே இருக்கும். இந்நூலை யார் யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார், யார் எந்த ஆண்டில் பிறந்தார், எந்த ஆண்டில் மழை பொய்த்தது என்பன போன்ற குறிப்புகள். நூலாக அல்லாத தாள்களும் ஏராளம்: கடன் பத்திரங்கள், வாரிசு வழக்குகள், அடிமைகளை விற்ற சாசனங்கள், அடிமைகளுக்கு விடுதலை தந்த சாசனங்கள். பெரிய நூல்களைத் தேடி வந்தவர்கள் இத்தாள்களை நெடுநாள் பொருட்படுத்தவில்லை. சாதாரண மனிதர்களின் வரலாறு இவற்றில்தான் இருக்கிறது.

ஒரு நூலும் இரு காலங்களும்

இப்போது நாம் சொல்லவந்த நூலுக்கு வருவோம். மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றை எழுதுவோர் நெடுங்காலம் இரண்டு அரபு வரலாற்று நூல்களை நம்பி வந்தனர். ஒன்று, அல்-சஅதி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய ‘தாரீக் அல்-சூடான்’. ‘சூடான்’ என்பது இங்கே கறுப்பின மக்களின் நாடு என்ற பழைய பொருளில் வருவது; இன்றைய சூடான் நாட்டைக் குறிப்பதன்று. 1853இல் ஜெர்மானியப் பயணி ஹைன்ரிஷ் பார்த் இந்நூலைக் கண்டு சில பகுதிகளைக் குறித்துக்கொண்டபோது, அதனை அகமது பாபா எழுதியதாகவே கருதினார்.

மற்றொன்று ‘தாரீக் அல்-ஃபத்தாஷ்’. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்சியின்போது இதன் பிரதிகள் கிடைத்தன. ஒரு பிரதியின் முற்பகுதி சிதைந்துபோயிருந்தது. நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் அதில் இல்லை. பிறகு கிடைத்த இன்னொரு பிரதியில் முற்பகுதி முழுமையாக இருந்தது. ஆசிரியர் மஹ்மூத் கஅத்தி, சொங்காய் மன்னர் அஸ்கியா முஹம்மதின் காலத்தவர் என்று அது சொன்னது. ஊடாஸ், தெலஃபோஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் பிரதிகளை இணைத்து, 1913இல் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பதிப்பித்தார்கள். நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் பாடநூல்களுக்கும் ஆய்வுகளுக்கும் அப்பதிப்பே ஆதாரமாயிற்று.

அந்த முழுமையான பிரதியில் ஒரு தீர்க்கதரிசனம் இருந்தது. 1496இல் ஹஜ் பயணம் புறப்பட்ட அஸ்கியா முஹம்மது, வழியில் பெரியோர்களைச் சந்திக்கிறார். அவருக்குப் பின் ஒரு கலீபா வருவார். அவர் பெயர் அஹ்மத். மாசினா நாட்டில் தோன்றுவார் என்று அவரிடம் சொல்லப்படுகிறது. 1818இல் மாசினாவில் ஓர் அரசை நிறுவி, ஹம்தல்லாஹி என்ற தலைநகரை அமைத்தவர் அஹ்மத் லொப்போ. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் நூல் அவர் வருகையைப் பெயரோடும் ஊரோடும் அறிவிக்கிறது!

ஐயம் எழுந்தது இயல்பே. இன்னொரு கணக்கும் இடித்தது. அந்தப் பிரதியின்படி கஅத்தி பிறந்தது 1468. அவர் இறந்தது 1593. நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். நூலோ அவர் மறைவுக்குப் பிந்தைய நிகழ்ச்சிகளையும் பேசுகிறது. 1971இல் நெஹெமியா லெவ்ட்சியன் பிரதிகளைப் பிரித்து வைத்து ஒப்பிட்டார். ஐயத்துக்கிடமான பகுதிகள் எல்லாம் அந்த ஒரு பிரதியில் மட்டுமே வருகின்றன என்பது தெரிந்தது. அவை இரண்டே செய்திகளைச் சுற்றி வந்தன. ஒன்று, அஹ்மத் லொப்போவின் வருகை. மற்றொன்று, சில இனக்குழுக்கள் பரம்பரை பரம்பரையாக அரசனுக்கு அடிமைப்பட்டவை என்ற கூற்று. இடைச்செருகல் என்ற முடிவுக்கு அவர் வந்தார். மூல நூல் 17ஆம் நூற்றாண்டில், கஅத்தியின் வழிவந்த இப்னு அல்-முக்தார் எழுதியது என்றார்.

அண்மைக் காலத்தில் மௌரோ நோபிலி இந்த ஆய்வை மேலும் ஓர் அடி கொண்டு சென்றார். ஷாஹித் மதீயுடன் இணைந்து 2015இல் எழுதிய கட்டுரையிலும், 2020இல் வெளிவந்த நூலிலும் அவர் நிறுவுவது இது: ஒரு பழைய நூலில் சில வரிகள் நுழைக்கப்பட்டன என்பதோடு நிற்கக்கூடாது, இவை இரண்டு தனி நூல்கள். முதலாவது, இப்னு அல்-முக்தாரின் 17ஆம் நூற்றாண்டு வரலாறு. இரண்டாவது, லொப்போவின் அரசவை அறிஞரான நூஹ் இப்னு அல்-தாஹிர் 19ஆம் நூற்றாண்டில் அப்பழைய நூலை எடுத்து, சேர்ப்பன சேர்த்து, நீக்குவன நீக்கி, பழம்பெரும் அறிஞர் ஒருவரின் பெயரில் ஆக்கிய புதிய நூல். ‘தாரீக் அல்-ஃபத்தாஷ்’ என்ற பெயர் அந்தப் புதிய நூலுக்கே உரியது. அப்படியானால் 1913இல் அச்சேறியது எது? இரண்டையும் கலந்து, எவருமே எழுதாத மூன்றாவது நூல் ஒன்று அச்சில் பிறந்திருக்கிறது.

பாடபேதம், இடைச்செருகல் என்ற சொற்கள் தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தவர்களுக்குப் புதியன அல்ல. ஆனால் இங்கே அவை வெறும் புலமைச் சிக்கலாக நிற்கவில்லை. சில குடிகள் பிறப்பாலேயே அடிமைகள் என்று ‘பழைய நூல் சொல்கிறது’ என்றால், அது அக்குடிகளின் பிள்ளைகள் மேல் ஓர் அரசன் உரிமை கொண்டாடுவதற்கான பத்திரம். அகமது பாபா ஓர் ஏட்டில் இனங்களின் பெயர்களை வரிசைப்படுத்திச் சிலரைக் காக்க முயன்றார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் இன்னொரு கை, இன்னொரு ஏட்டில் இனங்களின் பெயர்களை வரிசைப்படுத்திச் சிலரைக் கட்டிப்போட முயன்றது. இரண்டையும் பிரித்தறிய, ஏடுகளை அருகருகே வைத்துப் படிப்பவர் ஒருவர் வேண்டும்.

நாம் இதிலிருந்து பெறும் பாடம் இரண்டு. முதலாவது, எந்தப் பிரதியும் உபரி அன்று. ‘இந்நூல் ஏற்கனவே அச்சாகிவிட்டது, இன்னொரு பிரதி எதற்கு’ என்று ஒதுக்கப்பட்டிருந்தால் இவ்வுண்மை வெளிவந்திராது. சிதைந்த பிரதியே இங்கே உண்மைக்கு நெருங்கியது. முழுமையாக இருந்ததே திருத்தப்பட்டது. இரண்டாவது, பொய்யான பிரதியும் காக்கப்பட வேண்டியதே. சொங்காய் வரலாற்றுக்கு அது தவறான சாட்சி. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஓர் அரசு தன்னை எவ்வாறு நியாயப்படுத்திக்கொண்டது என்பதற்கு அதனைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

தகரப் பெட்டிகள்

1893-94இல் பிரெஞ்சுப் படைகள் டிம்பக்டுவைக் கைப்பற்றியபின், குடும்பங்கள் பல தம் சுவடிகளை மறைத்தன. பெட்டிகளில் பூட்டின; சுவர்களுக்குள் வைத்து அடைத்தன; மணலில் புதைத்தன. மறைத்ததால் அவை பிழைத்தன. ஆனால் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்து வளர்ந்த தலைமுறைகளில் அரபு ஏடுகளைப் படிப்போர் குறைந்தனர். வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை அறியாமலேயே அதனைப் புனிதமாகக் காத்த குடும்பங்கள் உண்டு.

1967இல் யுனெஸ்கோ கூட்டிய அறிஞர் கூட்டத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1973இல் அகமது பாபாவின் பெயரால் ஓர் ஆய்வு மையம் டிம்பக்டுவில் தோன்றியது. அதற்காக ஊர் ஊராகச் சென்று சுவடி திரட்டியவர்களுள் ஒருவர் அப்தெல் காதர் ஹைதரா. பின்னர் அவர் தம் குடும்பச் சுவடிகளுக்கென மம்மா ஹைதரா நூலகத்தை அமைத்தார். வேறு குடும்பங்களும் தம் நூலகங்களைத் திறந்தன. 1995 முதல் லண்டனின் அல்-ஃபுர்கான் அறக்கட்டளை அகமது பாபா நிறுவனத்துச் சுவடிகளின் அட்டவணைகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவின் உதவியுடன் கட்டப்பட்ட புதிய கட்டடம் 2009இல் திறக்கப்பட்டது.

2012 ஏப்ரலில் நகரம் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போயிற்று. பெரியோர்களின் அடக்கத்தலங்கள் இடிக்கப்பட்டன. அக்குற்றத்துக்காக ஒருவருக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் ஒன்பதாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. சுவடிகளுக்கு என்ன நேருமோ என்று அஞ்சிய ஹைதராவும் நூலகக் குடும்பத்தாரும் தகரப் பெட்டிகளை வாங்கிச் சேர்த்தனர். இரவில் நூலகங்களிலிருந்து வீடுகளுக்கு மாற்றினர். பிறகு வண்டிகளில் சோதனைச் சாவடிகளைக் கடந்து தெற்கே பமாகோவுக்கு அனுப்பினர். போர் மூண்டு சாலைகள் அடைபட்டபோது நைஜர் ஆற்றில் படகுகளில் ஏற்றினர். ஓட்டுநர்களும் படகோட்டிகளும் காவலாளிகளும் இல்லாமல் இது நடந்திராது. அவர்களுள் பலர் பெயர் வெளியே தெரியாது.

இவ்வாறு மீட்கப்பட்டவை 3,77,000க்கும் மேல் என்று ஹைதராவின் அமைப்பு அறிவித்தது. அந்த எண்ணிக்கையை ஐயுற்றவர்களும் உண்டு. 2017இல் வெளிவந்த சார்லி இங்கிலிஷின் நூல் அதனை விரிவாகவே விவாதிக்கிறது. ஒற்றைத்தாள் கடிதமும் முந்நூறு தாள் சட்ட நூலும் ஆளுக்கு ஒன்றாக எண்ணப்பட்டால், எண்ணிக்கை என்ன சொல்லும்? மீட்டவர்களின் துணிவை இந்த விவாதம் சிறிதும் குறைப்பதில்லை. ஆனால் உலகம் அந்தச் சுவடிகளைப் பற்றி அறிந்துகொண்டது அவற்றின் எண்ணிக்கையை மட்டும்தான் என்பதில் ஒரு வருத்தம் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

பமாகோ ஈரப்பதம் மிகுந்த ஊர். பாலைவனத்தின் வறட்சியில் நூற்றாண்டுகள் தாங்கிய தாளுக்கு அங்கே பூஞ்சையின் அச்சம். சில மைகளில் உள்ள இரும்புச் சத்து எழுதிய இடத்திலேயே தாளை அரித்துத் துளையாக்கும். ஈரம் அதனை விரைவுபடுத்தும். ஆகவே ஒவ்வொரு சுவடியையும் தூசி தட்டி, அமிலமற்ற அட்டையில் அளவெடுத்துப் பெட்டி செய்து வைக்கும் பணி தொடங்கியது. ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்துச் சுவடி ஆய்வு மையம் துணை நின்றது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பெனடிக்ட் துறவிகள் தோற்றுவித்த ஹில் நூலகம் சுவடிகளை மின்படமாக்குவதில் பங்கேற்றது. கிறித்தவத் துறவிகளின் நூலகம் ஒன்று இஸ்லாமியச் சுவடிகளுக்குத் துணை நிற்பதைப் பார்க்கும்போது, நூலை நேசிப்பவர்களுக்கு வேறொரு ஊரும் வேறொரு சமயமும் இல்லையோ என்று தோன்றுகிறது.

மின்படம் பெரும் வரம். பமாகோவுக்குப் போகாமலே ஒருவர் ஏட்டைப் படிக்கலாம். தொலைதூரங்களில் கிடக்கும் இரு பிரதிகளை ஒரே திரையில் ஒப்பிடலாம். எனினும் சாதாரண மின்படத்தில் நீர்க்குறி தெரியாது. எங்கே சுரண்டி எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தாளின் மேற்பரப்பைச் சாய்ந்த ஒளியில் பார்த்தே உறுதி செய்ய வேண்டியிருக்கும். படம் தாளுக்குத் துணை, பதிலி அன்று.

2025 ஆகஸ்டில் பமாகோவிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் டிம்பக்டுவுக்குத் திரும்பின. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வெளியூரில் இருந்த அகமது பாபா நிறுவனத்துச் சுவடிகளின் முதல் தொகுதி அது. சுற்றுவட்டாரத்தில் மோதல் ஓயாத நிலையில் அவற்றைத் திருப்பியனுப்பியது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. ஈரத்தில் அழிவதைவிடச் சொந்த ஊரின் வறட்சி நல்லது என்பவர்களும் உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு வாதங்களும் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை.

பெட்டிக்குள் இருப்பதைப் படிக்கப்போவது யார்? மக்ரிபி எழுத்தைப் பிழையின்றிப் படிக்கவும், பழைய சட்ட அரபையும் சொங்காயையும் ஒருங்கே அறியவும், தாளையும் மையையும் தொட்டு இனம் காணவும் வல்லவர்களைப் பயிற்றுவிக்க ஆண்டுகள் பல ஆகும். அதற்கான செலவு ஒரு கட்டடத்தின் செலவைவிடக் குறைவுதான். ஆனால் திறப்பு விழாவில் காட்ட அதில் எதுவும் இராது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் டிம்பக்டு நகரம், எழுதுபவனுக்குக் கூலி கொடுத்த கையோடு, எழுதியதை மூலத்தோடு வைத்துப் படித்துப் பார்ப்பவனுக்கும் பொன்னாக அளந்து கொடுத்தது. அச்சுவடிகளைக் காக்க விரும்புவோர் அந்த இரண்டாவது ஆளின் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.